கடைசி வரிசைக்கும் கேட்க வேண்டும்



படம் பார்த்துவிட்டு வெளியே வருகிறவர்களைக் கவனித்திருப்பீர்கள். கதையைப் பற்றிப் பேசுவார்கள். நடிகர், நடிகையைப் பற்றிப் பேசுவார்கள். பாட்டு நன்றாக இருந்தது, சண்டைக் காட்சிதான் சரியில்லை என்பார்கள். திரைக்குப் பின்னால் இருட்டில் நிற்கும் ஒலிபெருக்கியைப் பற்றி ஒருவரும் வாய் திறப்பதில்லை. அது ஒழுங்காக வேலை செய்யும் வரையில் அப்படி ஒன்று அங்கே இருப்பதே யாருக்கும் நினைவுக்கு வராது. ஒரே ஒரு நிமிடம் அது மௌனமாகிவிட்டால் அரங்கமே கூச்சல் போடும்.

இன்றைய பேச்சு அந்த ஒலிபெருக்கியைப் பற்றியது.

பேசும் படம் 1927ஆம் ஆண்டு 'தி ஜாஸ் சிங்கர்' என்ற அமெரிக்கப் படத்தோடு பிறந்தது என்று பொது அறிவுப் புத்தகங்கள் சொல்கின்றன. அந்த ஆண்டை மனத்தில் வைத்துக்கொண்டு ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். தாமஸ் எடிசன் குரலைப் பதிவு செய்யும் ஃபோனோகிராஃப் கருவியை 1877இலேயே செய்துவிட்டார். லூமியர் சகோதரர்கள் 1895இல் பாரிஸ் நகரில் கட்டணம் வாங்கிக்கொண்டு மக்களுக்குப் படம் காட்டிவிட்டார்கள். குரலும் கையில் இருந்தது, படமும் கையில் இருந்தது. பிறகு ஏன் முப்பது ஆண்டுகளுக்கு மேல் சினிமா ஊமையாகவே ஓடியது?

படத்தையும் ஒலியையும் ஒரே வேகத்தில் ஓட்ட முடியவில்லை என்பது வழக்கமாகச் சொல்லப்படும் பதில். அது பாதி உண்மைதான். குரலைப் பிடித்து வைக்கத் தெரிந்தவர்களுக்கு, அந்தக் குரலை ஆயிரம் பேர் உட்கார்ந்திருக்கும் கொட்டகையின் கடைசி வரிசைவரை கொண்டு சேர்க்கத் தெரியவில்லை என்பது மீதிப் பாதி. பேசும் படத்தைத் தடுத்து நிறுத்திய பெரிய தடை இதுதான்.

எடிசன் கட்டிய கயிறு

எடிசனே 1913இல் ஒரு முயற்சி செய்து பார்த்தார். 'கினெட்டோஃபோன்' என்று அதற்குப் பெயர். ஃபோனோகிராஃபைத் திரைக்குப் பக்கத்தில் வைத்தார்கள். படம் ஓட்டும் கருவியோ அரங்கத்தின் பின்கோடியில் இருந்தது. இரண்டையும் இணைப்பதற்கு, கூரையோரமாகக் கப்பிகளின் மேல் ஒரு நீண்ட கயிற்றை ஓடவிட்டார்கள். ஆம், கயிறுதான்! கயிறு தளர்ந்தால் உதடு ஒன்று பேசும், குரல் வேறொன்று பேசும். நியூயார்க்கில் முதலில் கைதட்டிய ரசிகர்கள் சில வாரங்களில் கேலி செய்யத் தொடங்கிவிட்டார்கள். 1914 டிசம்பரில் எடிசனின் தொழிற்சாலையில் பெரும் தீ விபத்து ஏற்பட்டது. அதன் பிறகு கினெட்டோஃபோன் தலை தூக்கவில்லை.

கயிற்றைச் சரிசெய்திருந்தாலும் அது பிழைத்திருக்குமா என்பது சந்தேகம்தான். அக்காலத்து ஃபோனோகிராஃபில் ஒலியைக் கூட்டுவதற்கு மின்சாரம் கிடையாது. ஊசி பள்ளத்தில் ஓடும், ஊசியின் நடுக்கம் ஒரு மெல்லிய தகட்டை அதிரவைக்கும், தகட்டின் அதிர்வு கூம்பு வழியாக வெளியே வரும். வீட்டுக் கூடத்தில் நாலு பேர் சுற்றி உட்கார்ந்து கேட்க அது போதும். எடிசனின் ஆட்கள் இயந்திர முறையில் ஒலியைக் கூட்ட ஓர் அமைப்பையும் சேர்த்துத்தான் பார்த்தார்கள். அப்போதும் போதவில்லை. பதிவு செய்யும்போதும் இதே சங்கடம். நடிகர்கள் கூம்பை விட்டு அதிகம் விலகாமல் நின்று உரத்துக் கத்த வேண்டியிருந்தது. ரகசியம் பேசும் காட்சியைக் கத்தி நடித்தால் எப்படி இருக்கும்!

பிரான்சில் லியோன் கோமோன் வேறு வழியில் போனார். அழுத்திய காற்றைக் குழாய் வழியாகப் பீறிட்டு வரச் செய்து, அதன் பாதையில் ஒரு சிறு அடைப்பிதழை வைத்து, அந்த இதழை ஒலித்தட்டின் ஊசி அசைக்கும்படி அமைத்தார். ஊசி கொடுப்பது சிறிய அசைவு. வலிமையைக் காற்று கொடுத்தது. பாரிஸில் மூவாயிரத்துக்கும் மேற்பட்ட இருக்கைகளோடு 1911இல் திறக்கப்பட்ட கோமோன் பேலஸ் அரங்கில் இம்முறையில் படங்களைப் 'பேச' வைத்தார். சத்தம் கிடைத்தது. ஆனால் காற்றின் சீற்றமும் கூடவே வந்தது. பாம்பாட்டியின் கூடைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பாட்டுக் கேட்பது போலத்தான்.

விடை வந்தது தொலைபேசியிலிருந்து

வேடிக்கை என்னவென்றால், இந்தச் சிக்கலைத் தீர்த்தவர்கள் சினிமாக்காரர்கள் இல்லை. சினிமாவைப் பற்றிக் கவலையே படாத தொலைபேசிப் பொறியாளர்கள்.

அமெரிக்காவின் கீழ்க்கரையில் பேசுவது மேல்கரையில் கேட்க வேண்டும் என்பது தொலைபேசி நிறுவனமான ஏடி அண்ட் டியின் கனவு. கம்பியில் போகப் போகக் குரல் தேய்ந்துவிடும். தேய்ந்த குரலை வழியில் பிடித்து, வலுவேற்றி, மறுபடியும் அனுப்ப ஒரு கருவி தேவைப்பட்டது. லீ டி ஃபாரஸ்ட் என்பவர் 1906இல் 'ஆடியான்' என்று ஒரு கண்ணாடி வால்வைச் செய்திருந்தார். அது எப்படி வேலை செய்கிறது என்று அவருக்கே சரியாக விளங்கவில்லை என்று அக்காலப் பொறியாளர்கள் சொல்வதுண்டு. 1913இல் ஏடி அண்ட் டி அதன் உரிமையை விலைக்கு வாங்கியது. வெஸ்டர்ன் எலெக்ட்ரிக் நிறுவனத்தின் ஹெரால்ட் ஆர்னால்ட், வால்வுக்குள் மிச்சமிருந்த காற்றையும் உறிஞ்சி எடுத்துவிட்டு அதை நம்பகமான கருவியாக்கினார். 1915 ஜனவரி 25ஆம் தேதி நியூயார்க்கில் உட்கார்ந்து அலெக்ஸாண்டர் கிரகாம் பெல் பேச, சான் பிரான்சிஸ்கோவில் அவருடைய பழைய உதவியாளர் வாட்சன் கேட்டார். முதல் தொலைபேசியில் சொன்னது போலவே உடனே வரும்படி பெல் கூப்பிட, வந்து சேர ஒரு வாரமாகுமே என்று வாட்சன் பதில் சொன்னாராம்.

தேய்ந்த குரலைக் கம்பியில் வலுவேற்ற முடியும் என்றால், அதே குரலை ஒரு கூம்பு வழியாகக் கூட்டத்துக்கு முன்னால் முழங்க வைக்கவும் முடியும். கலிஃபோர்னியா மாநிலத்தின் நாபா என்ற சிற்றூரில் டென்மார்க்கிலிருந்து குடியேறிய பீட்டர் ஜென்சனும் அவருடைய கூட்டாளி எட்வின் பிரிதமும் காந்தத்துக்கு நடுவே கம்பிச்சுருள் அசையும் ஒலிபெருக்கியைச் செய்தார்கள். அதற்கு 'மேக்னவாக்ஸ்' என்று பெயர் வைத்தார்கள். பெருங்குரல் என்று பொருள். 1915 கிறிஸ்துமஸ் முந்திய நாளில் சான் பிரான்சிஸ்கோ நகர மண்டபத்தின் முன் கூடியிருந்த கூட்டத்துக்கு அதன் வழியே பாட்டும் பேச்சும் ஒலித்தன.

சினிமாவுக்கு முன்னால் அரசியல்வாதிகள் முந்திக்கொண்டார்கள். அதிசயம் ஒன்றுமில்லை. 1919 செப்டம்பரில் சான் டியாகோ விளையாட்டரங்கில் அதிபர் உட்ரோ வில்சன் ஏறத்தாழ ஐம்பதாயிரம் பேர் முன் பேசினார். கண்ணாடிக் கூண்டு ஒன்றுக்குள் நின்று, தலைக்கு மேல் தொங்கிய கூம்புகளை நோக்கிப் பேச வேண்டியிருந்தது. வெயிலில் கூண்டு அடுப்பாகக் காய்ந்ததால் அவருக்கு அது பிடிக்கவில்லை. கூட்டத்துக்கோ அவர் குரல் கேட்டது. 1921 நவம்பர் 11ஆம் தேதி, முதல் உலகப் போரில் உயிர்நீத்த பெயர் தெரியாத போர்வீரர் ஒருவரின் உடல் ஆர்லிங்டனில் அடக்கம் செய்யப்பட்டபோது, அந்தச் சடங்கின் உரைகளும் இசையும் தொலைபேசிக் கம்பி வழியாக நியூயார்க்கிலும் சான் பிரான்சிஸ்கோவிலும் திரண்டிருந்த மக்களுக்குக் கேட்டன. பேசும் படத்துக்குத் தேவையான எல்லா உறுப்புகளும் அன்றைக்கே தயார். படம் மட்டும்தான் பாக்கி.

555 என்னும் எண்

வெஸ்டர்ன் எலெக்ட்ரிக்கின் ஆய்வாளர்கள் வென்டே, துராஸ் இருவரும் 1926 வாக்கில் ஒரு கருவியை உருவாக்கினார்கள். அதற்குப் பெயர்கூட வைக்கவில்லை, 555 என்று எண்தான். இரு கைகளுக்குள் அடங்கும் இரும்புக் குண்டு. ஆனால் கனமோ கனம். அதன் உள்ளே காகிதம்போல் மெல்லிய அலுமினியத் தகடு. தகட்டோடு ஒட்டிய கம்பிச்சுருள் வலுவான மின்காந்தத்தின் நடுவே நிற்கும். சுருளில் பாட்டின் மின்னோட்டம் பாய்ந்தால் தகடு அதே தாளத்தில் அதிரும்.

தகடு தனியாக அதிர்ந்தால் பெரிய சத்தம் வராது. அதற்குக் கூம்பு வேண்டும். நாதஸ்வரத்தின் வாயில் அணசு இருக்கிறதல்லவா, அது எதற்கு? ஒடுங்கிய குழலுக்குள் அடைபட்டிருக்கும் ஒலியை வெளிக்காற்றோடு பக்குவமாகச் சேர்த்துவிடுவதற்கு. அதே வேலையைத்தான் இந்தக் கூம்பும் செய்கிறது. ஒலி திடீரென்று வெட்டவெளியில் விழாமல், படிப்படியாக விரியும் பாதையில் நடந்து வந்தால் மிகக் குறைந்த விரயத்தோடு காற்றில் கலக்கும். தாழ்ந்த சுருதிகளும் கேட்க வேண்டுமானால் பாதை நீளமாக இருக்க வேண்டும், வாய் அகலமாக இருக்க வேண்டும். பத்தடிக்கு மேல் நீளமுள்ள அந்தப் பாதையை நேராக நீட்டினால் மேடை கொள்ளாது. ஆகவே மரப்பலகையால் நத்தை ஓடு போலச் சுருட்டினார்கள். ஆள் உயரத்துக்கு நின்ற அந்த மரக் கூம்புகளைப் படத்தில் பார்த்தாலே பிரமிப்பாக இருக்கும்.

இப்படிச் செய்ததற்குத் தகுந்த காரணம் உண்டு. அன்றைய வால்வு ஆம்ப்ளிஃபயர்கள் கொடுத்த ஆற்றல் ஒரு சில வாட். மிஞ்சிப் போனால் பத்துச் சொச்சம். இன்றைக்கு மடிக்கணினியோடு விற்கும் சிறிய ஒலிபெருக்கிக்கும் ஏறக்குறைய அவ்வளவு வாட் எழுதியிருப்பார்கள். அதை வைத்துக்கொண்டு இரண்டாயிரம் பேர் அரங்கத்தை எப்படி நிரப்புவது? வீட்டில் இருக்கும் சாதாரண ஒலிபெருக்கி தனக்கு வரும் மின்சாரத்தில் நூற்றில் ஒன்றிரண்டு பங்கைத்தான் ஒலியாக்கும். மீதி சூடாகப் போய்விடும். கூம்போடு சேர்ந்த 555 கால் பங்குக்கு மேல் ஒலியாக்கியது. ஏழைக்குடும்பத்தில் ஒரு மணி அரிசியும் சிந்தாமல் சமைப்பது போல, இருந்த கொஞ்சம் மின்சாரத்தை ஒரு துளி வீணாகாமல் அவர்கள் பயன்படுத்தினார்கள்.

ஜெனரல் எலெக்ட்ரிக்கின் ரைஸ், கெல்லாக் இருவரும் 1925இல் அறிமுகப்படுத்திய காகிதக் கிண்ண ஒலிபெருக்கி வேறொரு கிளை. இன்றைக்கு வானொலியிலும் தொலைக்காட்சியிலும் இருப்பவையெல்லாம் பெரும்பாலும் அதன் வாரிசுகள். ஆர்சிஏ நிறுவனம் அதைத் திரையரங்கங்களுக்கும் கொண்டுபோனது.

வார்னர் சகோதரர்களின் சூதாட்டம்

தொலைபேசிக்காரர்கள் இந்தக் கருவிகளைப் பெரிய படநிறுவனங்களிடம் காட்டினார்கள். மௌனப் படமே பணத்தைக் கொட்டிக்கொண்டிருந்தது. யாரும் அசைந்து கொடுக்கவில்லை. துணிந்து இறங்கியவர்கள் அன்று இரண்டாம் வரிசையில் இருந்த வார்னர் சகோதரர்கள். அதிலும் முன்னின்றவர் சாம் வார்னர்.

அவர்கள் முதலில் நினைத்தது பேச்சை இல்லை, இசையை. பெரிய நகரத்து அரங்கங்களில் படத்துக்குப் பின்னணியாக ஐம்பது, அறுபது பேர் கொண்ட வாத்தியக் குழு வாசிக்கும். சிற்றூர்க் கொட்டகையில் ஒரே ஒரு பியானோ. நியூயார்க் ரசிகர் கேட்கும் அதே இசையைச் சிற்றூர்க்காரருக்கும் கொடுத்துவிட்டால் நல்ல வியாபாரம் என்பது அவர்கள் கணக்கு.

1926 ஆகஸ்ட் 6ஆம் தேதி நியூயார்க் வார்னர்ஸ் அரங்கில் 'டான் ஹுவான்' திரையிடப்பட்டது. படத்தில் வசனம் கிடையாது. நியூயார்க் பில்ஹார்மோனிக் குழுவின் இசையும் சில ஓசைகளும் மட்டுமே. அதற்கு முன்னால் காட்டிய குறும்படங்களில் பிரபல வயலின் கலைஞர்கள் வாசித்தார்கள், மார்ட்டினெல்லி பாடினார், திரைப்படச் சங்கத் தலைவர் வில் ஹேஸ் திரையில் தோன்றிப் பேசினார். 16 அங்குல ஒலித்தட்டு நிமிடத்துக்கு 33⅓ சுற்று வேகத்தில், படக்கருவியோடு ஒரே மோட்டாரில் இணைந்து சுழன்றது. எடிசனின் கயிறு போய்விட்டது. இரண்டு கருவிகளும் பக்கத்துப் பக்கத்தில் இருந்தன. திரைக்குப் போனது மின்கம்பி மட்டும்தான்.

அடுத்த ஆண்டு அக்டோபர் 6ஆம் தேதி 'தி ஜாஸ் சிங்கர்' வெளியானது. அதில் பெரும்பகுதி மௌனம்தான். ஆல் ஜோல்சன் பாடும் காட்சிகளிலும் இடையிடையே அவர் பேசும் சில வார்த்தைகளிலும்தான் மக்கள் சொக்கிப்போனார்கள். அந்த வெற்றியைப் பார்க்க சாம் வார்னருக்குக் கொடுத்துவைக்கவில்லை. முதல் நாள், அக்டோபர் 5ஆம் தேதி, நாற்பது வயதில் அவர் காலமானார். சகோதரர்கள் இறுதிச் சடங்குக்காகக் கலிஃபோர்னியாவில் இருந்தார்கள்.

கொட்டகைக்குள் என்ன நடந்தது?

1928 மே மாதத்தில் பாரமவுண்ட், எம்ஜிஎம், யுனைடெட் ஆர்ட்டிஸ்ட்ஸ் ஆகிய பெரிய நிறுவனங்களும் வெஸ்டர்ன் எலெக்ட்ரிக்கோடு ஒப்பந்தம் செய்துகொண்டன. அதன் பிறகு அமெரிக்கா முழுவதும் கொட்டகைகளுக்குக் கம்பி இழுக்கும் படலம் தொடங்கியது. இந்தக் கதையின் சுவையான பகுதி இதுதான்.

மின்காந்தங்களுக்கும் வால்வுகளுக்கும் நேர்மின்சாரம் வேண்டும். அதற்காகப் பல கொட்டகைகளில் தனி அறையில் பேட்டரிகளை அடுக்கினார்கள். முதல் அரங்கங்களில் பேச்சுக்கான கூம்புகளைத் திரைக்குப் பின்னாலும், இசைக்கான கூம்புகளை வாத்தியக் குழு உட்காரும் பள்ளத்திலும் வைத்தார்கள். கண்ணுக்குத் தெரியாத குழு அங்கிருந்து வாசிப்பதாகத் தோன்ற வேண்டுமாம்! பேச்சு வரும்போது ஒரு பக்கம், இசை வரும்போது மறுபக்கம் என்று ஆபரேட்டர் மாற்றிக்கொண்டிருக்க வேண்டும். திரைக்குப் பின்னால் இருந்த கூம்புகளைச் சக்கரம் வைத்த சட்டங்களில் ஏற்றியிருந்தார்கள். படம் முடிந்து மேடையில் ஆட்டம்பாட்டம் இருந்தால் ஓரமாகத் தள்ளிவிட வசதி.

திரையே ஒரு தடையாக இருந்தது. கனத்த துணிக்குப் பின்னால் பேசினால் குரல் மங்கிவிடும். ஃபாக்ஸ் நிறுவனத்தின் ஏர்ல் ஸ்பானபிள் ஒலி ஊடுருவிச் செல்லும் திரையை உருவாக்கினார். பிறகு திரை முழுவதும் ஆயிரக்கணக்கான நுண்துளைகளைப் போடுவதே வழக்கமாயிற்று. இன்றைக்கும் பல திரையரங்கங்களில் திரைக்கு மிக அருகே போய்ப் பார்த்தால் அந்தத் துளைகள் தெரியும்.

அடுத்த தொல்லை, கூட்டம். காலியான கொட்டகையில் ஒலி சுவரிலும் கூரையிலும் முட்டி எதிரொலிக்கும். ஆள் நிறைந்துவிட்டால் உடம்பும் உடையும் ஒலியை விழுங்கிவிடும். மாலையில் சரியாக இருந்த அளவு இரவுக் காட்சியில் போதாது. படம் ஓட்டும் அறையில் இருப்பவருக்கோ கண்ணாடிச் சன்னலும் இயந்திர இரைச்சலும். அரங்கத்தில் என்ன கேட்கிறது என்று அவருக்குத் தெரியாது. ஆகவே ரசிகர்களுக்கு நடுவே ஓர் ஆளை உட்கார வைத்தார்கள். அவர் கையில் ஒரு பொத்தான். கூட்டு என்றால் இத்தனை மணி, குறை என்றால் இத்தனை மணி என்று மேலே சமிக்ஞை கொடுப்பார். அரண்மனைபோல் பளிங்கும் குவிமாடமுமாகக் கட்டிய அரங்கங்களில் எதிரொலியை அடக்க, சுவர்களில் கனத்த திரைச்சீலைகளைத் தொங்கவிட்டார்கள்.

ஒலி நொடிக்கு ஏறத்தாழ 1,120 அடி போகும். படம் நொடிக்கு 24 சட்டங்கள். ஒலி 47 அடி நடப்பதற்குள் ஒரு சட்டம் ஓடிவிடும். திரையிலிருந்து 150 அடி தள்ளிக் கடைசி வரிசையில் உட்கார்ந்திருப்பவருக்கு உதடசைவுக்கு மூன்று சட்டங்கள் பிந்தித்தான் குரல் வந்து சேரும். எந்த ஒலிபெருக்கியாலும் இதை மாற்ற முடியாது. முன்வரிசைக்காரருக்கும் பின்வரிசைக்காரருக்கும் பொதுவாக, நடுவே ஒரு தூரத்தைக் கணக்கில் வைத்து ஒலியைப் பொருத்துவார்கள்.

கருவிகளை வெஸ்டர்ன் எலெக்ட்ரிக்கின் துணை நிறுவனமான எர்ப்பி, கொட்டகைக்காரர்களுக்கு விற்கவில்லை. நீண்டகாலக் குத்தகைக்குத்தான் கொடுத்தது. அத்தோடு பராமரிப்புக் கட்டணம் வாரா வாரம் கட்ட வேண்டும், வேண்டுமா வேண்டாமா என்ற கேள்விக்கு இடமில்லை. செலவைத் தாங்க முடியாத சிறு கொட்டகைகள் மலிவான போலிக் கருவிகளை வாங்கிக் கரகரப்போடு ஓட்டின, அல்லது கதவைச் சாத்தின. சிற்றூர்க்காரருக்கும் நல்ல இசை என்று தொடங்கிய திட்டம் சிற்றூர்க் கொட்டகையின் கழுத்தைத்தான் முதலில் பிடித்தது.

வேலை இழந்தவர்கள்

கொட்டகையில் கூம்பு வந்து நின்றதும் வாத்தியக்காரர்கள் எழுந்து போக வேண்டியதாயிற்று. மூன்றே ஆண்டுகளில் 22,000 திரையரங்க வேலைகள் பறிபோனதாக அமெரிக்க இசைக்கலைஞர் சங்கம் கணக்குச் சொன்னது. படப்பிடிப்புக் கூடங்களில் இசைப்பதிவுக்காகக் கிடைத்த புதிய வேலைகள் சில நூறுதான். இரும்பு மனிதன் வாத்தியம் வாசிப்பது போன்ற படங்களோடு அந்தச் சங்கம் நாடு முழுவதும் பத்திரிகைகளில் விளம்பரம் செய்தது. இயந்திரத்துக்கு ஆன்மா கிடையாது என்பது அவர்கள் வாதம். ரசிகர்கள் அதைப் படித்தார்கள். படித்துவிட்டுப் பேசும் படத்துக்கே போனார்கள்.

ஜப்பானில் இது இன்னும் வேதனையாக முடிந்தது. அங்கே மௌனப் படத்துக்குப் பக்கத்தில் நின்று கதை சொல்லி, எல்லாப் பாத்திரங்களுக்கும் குரல் கொடுக்கும் 'பென்ஷி' என்ற கலைஞர்கள் இருந்தார்கள். சிலருக்கு நடிகர்களைவிடப் பெரிய பெயர். ஒலிபெருக்கி வந்ததும் அவர்கள் தேவையற்றவர்களானார்கள். வேலைநிறுத்தம் செய்து பார்த்தார்கள். அப்படி ஒரு வேலைநிறுத்தத்தில் முன்னின்ற பென்ஷிகளில் ஒருவர் ஹெய்கோ, பின்னாளில் உலகப் புகழ் பெற்ற இயக்குநர் அகிரா குரோசாவாவின் அண்ணன். போராட்டம் தோற்றது. 1933இல் ஹெய்கோ தம் உயிரை மாய்த்துக்கொண்டார். தம்பிக்குச் சினிமாவைக் காட்டிக்கொடுத்தவர் அவர்தான்.

யாரும் அதிகம் நினைக்காத இன்னொரு கூட்டத்தாரும் உண்டு. காது கேளாதவர்கள். மௌனப் பட காலத்தில் திரையில் வரும் எழுத்தைப் படித்து எல்லோருக்கும் சமமாக அவர்களும் படம் பார்த்தார்கள். குரல் வந்ததும் எழுத்து போனது. ஒரே நாளில் அவர்களுக்கு மட்டும் கொட்டகையின் கதவு அடைபட்டுவிட்டது.

இந்தியாவுக்கு வந்த குரல்

கூம்புகள் கப்பலேறி மற்ற நாடுகளுக்கும் போயின. கல்கத்தாவின் எல்ஃபின்ஸ்டன் அரங்கில் 1929இல் ஹாலிவுட் பேசும் படம் காட்டப்பட்டது. 1931 மார்ச் 14ஆம் தேதி பம்பாய் மெஜஸ்டிக் அரங்கில் அர்தேஷிர் இரானியின் 'ஆலம் ஆரா' இந்தியில் பேசியது. படப்பிடிப்புத் தளத்துக்குப் பக்கத்தில் ரயில் பாதை. ரயில் ஓசை ஒலிவாங்கியில் விழாமலிருக்க இரவில் படமெடுத்தார்கள். அதே ஆண்டு அக்டோபர் 31ஆம் தேதி சென்னையில் 'காளிதாஸ்' வெளியானது. கதாநாயகி டி.பி. ராஜலட்சுமி தமிழில் பேசினார், கதாநாயகன் தெலுங்கில் பேசினார். யாரும் கோபித்துக்கொள்ளவில்லை, திரையிலிருந்து தமிழ் ஒலிக்கிறது என்பதே பெரிய அதிசயமாக இருந்தது. இந்த இரண்டு படங்களின் பிரதியும் இன்று கிடைப்பதற்கில்லை. அந்த அதிசயம் விட்டுச்சென்ற பெயர் மட்டும் ஊருக்கு ஊர் நிலைத்தது. கொட்டகைக்கு 'டாக்கீஸ்' என்று பெயர் வைத்தார்கள். படம் என்றைக்கோ பேசத் தொடங்கிவிட்ட பிறகும் பெயரை யாரும் மாற்றவில்லை.

இரண்டு முறை ஒலித்த காலடி

மீண்டும் அமெரிக்காவுக்கே திரும்புவோம். 555 எல்லாச் சுருதியையும் சமமாகத் தரவில்லை. முரசின் ஆழமும் கேட்காது, 'ஸ' என்னும் ஓசையின் கூர்மையும் கேட்காது. படப்பிடிப்புத் தளத்தில் பதிவின் தரம் உயர்ந்துகொண்டே போக, கொட்டகைகளில் 1920களின் கூம்புகளே நின்றன.

1933 ஏப்ரல் 27ஆம் தேதி பெல் ஆய்வுக்கூடத்தின் ஹார்வி ஃபிளெச்சர் குழுவினர் ஒரு சோதனை செய்தார்கள். ஃபிலடெல்ஃபியாவில் வாத்தியக் குழு வாசிக்க, அது மூன்று தனிக் கம்பிகளில் வாஷிங்டன் வந்து, ஆளில்லாத மேடையில் ஒலித்தது. அங்கே ஒலியளவைக் கட்டுப்படுத்தியவர் பிரபல இசை நடத்துநர் ஸ்டோகோவ்ஸ்கி. தாழ்ந்த சுருதிகளுக்கு ஒரு பெரிய கூம்பு, உயர்ந்த சுருதிகளுக்கு ஒரு சிறிய கூம்பு என்று வேலையைப் பிரித்துக்கொடுத்ததில்தான் அதன் சிறப்பு இருந்தது.

எம்ஜிஎம் ஒலித்துறைத் தலைவர் டக்ளஸ் ஷியரர் அதே முறையைத் திரையரங்குக்குக் கொண்டுவர நினைத்தார். நடிகை நார்மா ஷியரரின் அண்ணன் இவர். உடன் இருந்த பொறியாளர் ஜான் ஹில்லியார்ட் பிற்காலத்தில் ஒரு சம்பவத்தைச் சொல்லியிருக்கிறார். எலினார் பவல் என்ற நடனமணி காலணி தட்டி ஆடும் காட்சியைப் போட்டுப் பார்த்தபோது, ஒவ்வொரு தட்டும் இரண்டு முறை கேட்டதாம். பதிவில் கோளாறு இல்லை. ஒரே தட்டின் ஒலி இரண்டு கூம்புகளில் பிரிந்து, தாழ்ந்த பாதி நீண்ட பாதையிலும் உயர்ந்த பாதி குட்டைப் பாதையிலும் போய், வெவ்வேறு நேரத்தில் வெளியே வந்தது. சில அடி வித்தியாசம்தான். நொடியில் ஆயிரத்தில் சில பங்கு. வயலினில் யாருக்கும் தெரியாதது, ஒரு நடனக்காரியின் காலடியில் பிடிபட்டது!

தாழ்சுருதிக் கூம்பின் பாதையைச் சுருக்கி, இரண்டும் ஒரே நேரத்தில் பேசும்படி அமைத்தார்கள். அந்த அமைப்புக்கு 'ஷியரர் ஹார்ன்' என்று பெயர் வந்தது. 1936ஆம் ஆண்டுக்கான ஆஸ்கர் தொழில்நுட்ப விருதும் கிடைத்தது. அதற்கான உறுப்புகளைச் செய்துகொடுத்தவர்களில் ஒருவர் ஜேம்ஸ் பி. லான்சிங். தொழிலில் கெட்டிக்காரர், வியாபாரத்தில் அப்படிச் சொல்ல முடியாது. எர்ப்பியின் ஏகபோகம் குலைந்தபோது அதன் பராமரிப்பு ஊழியர்கள் தொடங்கிய 'ஆல்டெக்' நிறுவனம் 1941இல் அவருடைய தொழிற்சாலையை வாங்கியது. அதன் 'வாய்ஸ் ஆஃப் தி தியேட்டர்' ஒலிபெருக்கிகள் 1945 முதல் உலகெங்கும் திரைக்குப் பின்னால் இடம்பிடித்தன. லான்சிங் 1946இல் விலகித் தனி நிறுவனம் தொடங்கி, கடன் சுமையோடு 1949இல் இறந்தார். அவர் பெயரின் மூன்று எழுத்துகள், ஜேபிஎல், இன்றும் உலகெங்கும் திரையரங்க ஒலிபெருக்கிகளில் இருக்கின்றன.

555களும் நத்தைக் கூம்புகளும் என்ன ஆயின? பெரும்பாலானவை கொட்டகைகளை இடித்தபோது குப்பைக்குப் போயின. மிஞ்சியவற்றை ஜப்பானிலும் தென்கொரியாவிலும் உள்ள சேகரிப்பாளர்கள் பெரும் விலை கொடுத்துத் தேடி வாங்கினார்கள். தென்கொரியாவின் ஹேய்ரி கலைக்கிராமத்தில், வானொலி அறிவிப்பாளராக இருந்து ஓய்வு பெற்ற ஒருவர் 'கமெராட்டா' என்ற இசைக்கூடத்தை நிறுவினார். பழைய திரையரங்க ஒலிபெருக்கிகளைச் சுவரோரமாக நிறுத்தி, வருகிறவர்களை நாற்காலிகளில் உட்கார வைத்து ஒலித்தட்டு போட்டார். ஊமைப் படத்தைப் பேசவைத்த அந்தத் தலைமுறைக் கருவிகள் அங்கே திரை இல்லாமல், யாருடைய முதுகுக்குப் பின்னாலும் ஒளியாமல், கூட்டத்தைப் பார்த்தபடி நின்றன.